இரண்டாம் எடை

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது என்பது பிச்சையாவின் தீர்மானமான எண்ணம். எடை போட வருகிற லாரிக்காரன் வண்டியை மேடையில் ஏற்றிவிட்டு இறங்கி வந்து எண்ணைப் பார்ப்பதில்லை. கேபினில் உட்கார்ந்தபடியே செல்போனைத் தடவிக்கொண்டு ஹாரனை அமுக்குகிறான். சீட்டு வர நாலு நிமிடம் ஆனால், சொத்தைப் பறிகொடுத்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறான். ஒரு சாமானைப் பழுது பார்க்கலாமா என்று கேட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறான். பெற்ற தகப்பனையும் ஒருநாள் அப்படித்தான் சொல்வான். அறுபத்தொன்பது வயதில் பிச்சையாவுக்கு இந்த உலகத்தில் நம்பிக்கை மிச்சமிருந்தது இரண்டின் மேல்தான். ஒன்று அவருடைய வலது கை; இன்னொன்று அவருடைய மகள் முத்துசெல்வி.

ஆகவே ஆடி மாதம் மூன்றாம் நாள் காலையில், வண்டியோ மாடோ ஆளோ ஏறாத வெறும் எடைமேடை ஐந்து கிலோ காட்டியபோது, அவருக்கு முதலில் வந்தது பயம் அல்ல. யாரோ தன்னை ஏமாற்றப் பார்க்கிறான் என்கிற எரிச்சல்தான் வந்தது.

மேடை எட்டயபுரம் சாலையில், கோவில்பட்டி ஊர் எல்லை முடிந்து ஆளரவம் அடங்குகிற இடத்தில் இருந்தது. சாலையோரம் இரும்புத் தகடு பாவிய நீளமான மேடை, அதன் ஒரு பக்கம் தடுப்புக்கு நட்ட இரும்புக் குழாய், அதை ஒட்டி ஒற்றை அறை. அறைக்குப் பின்னால் கரிசல்தான். மழைக்கு வாய் பிளந்து கிடக்கிற கறுப்பு நிலம், அதற்கப்பால் வரிசையாகக் காற்றாலைகள். ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்று அறைக் கதவை ஓயாமல் ஆட்டும். புழுதி, எரிந்த டீசல், அடுத்த வண்டியில் வந்த கரிமூட்டையின் தூள் எல்லாம் சேர்ந்து ஒரு கசந்த வாடையாக நாக்கில் படியும்.

செய்கிற வேலை எளிது. சரக்கோடு வருகிற வண்டி மேடையில் ஏறும். அது முதல் எடை. போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்து ஏறும். அது இரண்டாம் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. முதல் எடையைக் கம்ப்யூட்டர் மனதில் வைத்துக்கொண்டு, இரண்டாவது வரும்வரை காத்திருக்கும். வந்ததும் பிரிண்டர் கறகறவென்று சீட்டைக் கக்கிவிடும். அந்த மேடை ஐந்து ஐந்து கிலோவாகத்தான் காட்டும். ஐந்துக்குக் குறைந்தது எதுவும் அதன் கணக்கில் இல்லாததுதான். கோழி ஏறினால் தெரியாது.

பிச்சையா விளக்குமாற்றை எடுத்து மேடையைப் பெருக்கினார். தகடுகளின் இடுக்கில் சிக்கியிருந்த கற்களைக் கம்பியால் நோண்டி எடுத்தார். அறைக்குள் வந்து சிவப்பு எண் காட்டுகிற பெட்டியைப் பார்த்தார். ஐந்து. சரி, அடியில் சகதி இருக்கும் என்று சைபர் பொத்தானை அமுக்கினார். மேலே எது இருந்தாலும், அந்தப் பொத்தானை அமுக்கினால் மேடை அதை ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளும். ஐந்து மறைந்து சைபர் வந்தது. ஆனாலும் அவர் மனசு ஆறவில்லை. ஒரு சாக்குக் கட்டியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டார். நாளைக்கு ஒருத்தனை நிற்க வைத்துக் கேட்பதற்கு ருசு வேண்டும் அல்லவா.

அந்த ஒருத்தன் இசக்கிராஜா. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறவன், நாற்பது வயது. முந்தின நாள்தான் வந்து போயிருந்தான்.

கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது என்று அவனைக் கூப்பிட்டது முத்துசெல்வி. கட்டிக் கொடுத்த இடம் சரிப்படாமல் அவள் திரும்பி வந்த வருடம், பிச்சையா தன் ஆடுகளை மொத்தமாக விற்று, தனக்குப் பிறகு இவள் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று இந்த மேடையைப் போட்டார். கம்ப்யூட்டரும் அன்றைக்கு வந்ததுதான். பதினோரு வருடம் ஆகிறது. இப்போது ஒரு சீட்டுக்கு நாலு நிமிடம், ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. லாரிக்காரர்கள் புறவழிச்சாலையில் இருக்கிற புது மேடைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். மேடை போனால் அவளுக்குப் பிழைப்பு இல்லை.

இசக்கிராஜா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னான். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமைக் கூட்டினால் இன்னும் மூன்று வருடம் ஓடும். அதில் இருக்கிறதை எல்லாம் அப்படியே புதுசுக்கு மாற்றிக் கொடுத்துவிடுவான். இல்லையென்றால் மொத்தமாகப் புதுசு வாங்க வேண்டும். ஆனால் மேடையிலிருந்து வருகிற வயரைச் சொருகப் புதுப் பெட்டியில் இடம் இருக்காது, எடை போடுகிற சாப்ட்வேரும் வேறு வாங்க வேண்டும்.

"சொருக எடமில்லாத பெட்டிய எதுக்குப்பா என் தலையில கட்டப் பாக்க?" என்றார் பிச்சையா.

"நான் ரெண்டையும் சொல்லுதேன் அண்ணாச்சி. முடிவு உங்களுதுதான்."

ரெண்டையும் சொல்கிறவன்தான் ஆபத்தானவன் என்பது பிச்சையாவின் சந்தை அனுபவம். ஒன்றை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதைத்தான் விற்பான்.

வயரைக் கழற்றித் துடைத்துச் சொருகிய பிறகு, எண் சரியாக வருகிறதா என்று பார்க்க யாராவது மேடையில் ஏற வேண்டும் என்றான் இசக்கிராஜா. வண்டி எதுவும் இல்லை. முத்துசெல்வி எழுந்து போனாள். பிச்சையா வேண்டாம் என்று தடுத்தார். சனிக்கிழமை சந்தைக்குப் போகிற ஆட்டு வண்டிகள் ஏறி நிறுக்கிற மேடை அது. ஆடு நிறுக்கிற தராசில் மனுசர் ஏறக் கூடாது என்பது அவருடைய ஆட்கள் வழிவழியாக வைத்திருக்கிற கட்டு. நிறுத்த ஆடு விற்ற ஆடு. அதற்குப் பிறகு அது பட்டிக்குத் திரும்பாது. அவர்கள் வீட்டில் கைக்குழந்தையைக்கூடத் தராசில் வைத்துப் பார்த்ததில்லை.

"ஏட்டி, சொன்னா கேளு. இறங்கு."

"லாரி நிறுக்க மேடதானப்பா," என்று சிரித்தாள் அவள். சிரித்துக்கொண்டே தகட்டின் நடுவில் போய் நின்றாள்.

ஐம்பத்தைந்து.

வண்டி எண் கேட்கிற இடத்தில் இசக்கிராஜா விளையாட்டாக அவள் பெயரை அடித்தான். முதல் எடை ஐம்பத்தைந்து என்று பதிவாயிற்று. பிறகு கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டது. டீ வந்தது, குடித்தார்கள், அவன் கிளம்பிவிட்டான். அந்தப் பதிவை எடுக்க யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலையில் முதல் கோடு.

அதற்கடுத்த நாள் மறுபடியும் ஐந்து. பெருக்கினார், நோண்டினார், சைபர் அமுக்கினார், கோடு போட்டார். அடுத்த இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி ஐந்து. இசக்கிராஜா ஏதோ கைவேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான், எடை தப்பாகக் காட்டினால் நாமே பயந்து புதுசு வாங்குவோம் என்று காத்திருக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போனில் கூப்பிட்டுக் கேட்டார். அவன் சத்தியம் செய்தான். சத்தியம் செய்தது அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது.

நாலாவது கோடு போட்ட அன்றைக்குத்தான் அவர் மகளின் நடையைக் கவனித்தார்.

நாற்பது வருடம் ஆட்டுத் தரகு பார்த்தவர். ஆட்டின் முதுகில் வலது கையை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், அவர் சொன்ன எடைக்கும் தராசுக்கும் அரைக் கிலோ வித்தியாசம் வந்தால் சந்தையில் தராசைத்தான் சந்தேகப்படுவார்கள். கை வைப்பதற்கு முன்னாலேயே கண் பாதியைச் சொல்லிவிடும். ஆடு கொழுத்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று மற்றவர்கள் சதையைப் பார்ப்பார்கள். பிச்சையா காலைப் பார்ப்பார். தரையை எப்படி மிதிக்கிறது என்பதில் எடை தெரியும்.

முத்துசெல்வி மெலியவில்லை. கன்னம் அப்படியே இருந்தது, வளையல் அப்படியே இறுக்கமாக இருந்தது, முன்னைவிட அதிகமாகவே சாப்பிட்டாள். ஆனால் அவள் தரையை மிதிக்கவில்லை. செருப்பு அடித்துக்கொள்கிற சத்தம் இல்லாமல் வந்து சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போனாள். உட்காரும்போதெல்லாம் முனகுகிற அந்தப் பழைய நாற்காலி முனகவில்லை. கரிசல் புழுதியில் அவர் நடந்த இடமெல்லாம் கால் பதிந்து கிடந்தது; அவருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தவளுக்குத் தடம் கோழி கீறியதுபோல லேசாக இருந்தது.

முப்பத்தைந்து, என்றது அவர் கண். ஆடாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கையை வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரிந்துவிடும். அதனாலேயே அவர் கையை வைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அங்கே இருந்த எடை மெஷினில் ஏறச் சொன்னபோது முள் இருபதைத் தாண்டவில்லை. நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, மெஷினைக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள். ரெண்டு நாளாகவே இது இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாக எவ்வளவு இருப்பீர்கள் என்று கேட்டு ஐம்பத்தைந்து என்று எழுதிக்கொண்டாள். பிச்சையாவுக்கு அந்த நர்ஸை அன்றைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பார், எல்லா இடத்திலும் மெஷின்தான் பொய் சொல்கிறது.

கதவுக்குப் பின்னால் அன்று ஏழு கோடுகள் இருந்தன.

ஏழையும் ஐந்தையும் பெருக்கி ஐம்பத்தைந்திலிருந்து கழிக்க அவருக்குப் படிப்பு தேவைப்படவில்லை. சந்தையில் அதைவிடப் பெரிய கணக்கையெல்லாம் விரலில் போட்டவர். போடாமல் இருக்கத்தான் மிகவும் சிரமமாக இருந்தது.

மாலையில் அறையைச் சாத்தும் நேரத்தில் கம்ப்யூட்டரை அணைக்கப் போனால் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரத் தொடங்கியிருந்தது. முத்துசெல்விதான் படித்துச் சொன்னாள். ஒரு வண்டியின் இரண்டாம் எடை பாக்கி. கீழே அவள் பெயர். அழிக்கலாம் என்று பொத்தானைத் தட்டினால் பெட்டிக்குள் ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்கும்; எலி மரப்பெட்டியைச் சுரண்டுகிற மாதிரி. அப்படியே உறைந்துவிடும். மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் அணையும். மறுநாள் மாலை அந்தக் கட்டம் மறுபடி வந்து நிற்கும். அழைத்த வண்டி வரும்வரை கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிற ஆளைப் போல.

"எம்பேரை மட்டும் விடமாட்டேங்குதேப்பா," என்றாள் அவள். விளையாட்டாகத்தான் சொல்லத் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் விளையாட்டாக இல்லை.

பத்தாவது கோடு போட்ட அன்று பிச்சையா இசக்கிராஜாவை மறுபடியும் வரவழைத்தார். வந்தவனை உட்காரச் சொல்லவில்லை. கதவைச் சாத்திப் பின்பக்கத்துக் கோடுகளைக் காட்டினார். ஒவ்வொன்றும் ஐந்து கிலோ, நீ செய்துவிட்டுப் போன வேலை, உன் கண்ணாலேயே பார் என்றார். உச்சி வேளை. காற்று கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேடைத் தகடு வெயிலில் கொதித்து, அதன் மேலிருந்த காற்று நெளிந்தது.

இசக்கிராஜா கம்ப்யூட்டருக்கு வருகிற வயரைப் பிடுங்கிப் போட்டான். இப்போது எடைமேடைக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லை. சிவப்பு எண் காட்டுகிற பெட்டி மட்டும் தனியாக மேடையோடு பேசுகிறது. அதில் எதையோ அமுக்கி, இதுவரை அடித்த சைபர்களையெல்லாம் நீக்கினான்.

வெறும் மேடை. வெயில். ஐம்பது.

பிச்சையா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு காக்கை மேடைக்கு மேலே பறந்து வந்தது. நடுவுக்கு வந்ததும், ஏதோ நிற்கிற இடத்தைச் சுற்றிப் போவதுபோல வளைந்து, அந்தப் பக்கம் போய் நேராயிற்று.

இசக்கிராஜாவின் முகம் வியர்த்திருந்தது. "இதுல கம்ப்யூட்டர் கோளாறு ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

"வேற எவன் கோளாறு?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் பேசினான். புது டிஸ்க் போட்டால் பழசில் இருக்கிற எல்லாமே அதற்கு வந்துவிடும். அக்காவின் பாக்கிப் பதிவும் கூடவே வரும். மொத்தமாக மாற்றினால் அது வராது. ஆனால் பழைய டிஸ்க்கில் அவள் பெயரும் முதல் எடையும் கிடக்கும். உடைத்துப் போட்டால் என்ன என்று கேட்டார் பிச்சையா. உடைத்தால் பிறகு இரண்டாம் எடை போட இடமே இருக்காது, எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியவில்லை என்றான் அவன். சொல்லிவிட்டு, பிடுங்கிய வயரை மறுபடி சொருகி, சாமான்களைப் பாதிதான் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்குரூ டிரைவரை மேஜையிலேயே விட்டுவிட்டுப் பைக்கை முறுக்கினான். வந்ததற்குக் கூலியும் கேட்கவில்லை.

கூலி கேட்காமல் போனதுதான் பிச்சையாவை அசைத்தது. ஏமாற்றுகிறவன் கூலியை விடமாட்டான். அந்த நினைப்பை அவர் உடனே நெட்டித் தள்ளினார். பெரிய மீனைப் பிடிக்கிறவன் சின்னதை விடுவான், அவ்வளவுதான்.

அன்று மாலை முழுக்கத் தகப்பனும் மகளும் இதையே பேசினார்கள். பழசையே சரிபண்ணினால் அவள் பெயர் கூடவே வரும். புதுசு வாங்கினால் பழசில் மாட்டிக்கொள்ளும். இரண்டும் வேண்டாம் என்றாள் முத்துசெல்வி.

"அது கேக்கத குடுத்துருவோம்ப்பா. ஒரு தடவ ஏறி நின்னா ரெண்டாம் எடை பதிஞ்சுரும். கணக்கு முடிஞ்சு பேரு போயிரும்."

"நிக்கப்படாது."

"ஏன்?"

சரக்கை இறக்கிவிட்டு வருகிற வண்டிதான் இரண்டாம் எடைக்கு ஏறும் என்பதை அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வருடமாக அந்தச் சீட்டுகளை அடித்துக் கொடுப்பவள் அவள்தான். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டிருந்தார். மின்விசிறியை அவள் கொஞ்ச நாளாகவே போடவிடுவதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சேலையின் மேல் கனமான ஸ்பேனர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பொழுது நன்றாக விடிந்து, வெயில் ஏறிய பிறகுதான் இருவரும் மேடைக்கு வந்தார்கள். அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தோளில் ஒரு துண்டு கிடக்கிற கனம்கூட இல்லை. வலது தோள்தான். அவர் அந்தக் கையை மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பெட்டியைப் போட்டதும் சிவப்பு எண் எரிந்தது. ஐம்பத்தைந்து.

அவர் கை பழக்கத்தில் சைபர் பொத்தானை அமுக்கிவிட்டது. அமுக்கிய பிறகுதான் அமுக்கியது தெரிந்தது. சைபர். மேலே நிற்கிறதை ஒன்றுமில்லை என்று மேடை ஏற்றுக்கொண்டது. சாக்குக் கட்டியை எடுத்துக் கதவுப் பக்கம் போனார். பதினோராவது கோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினால் முத்துசெல்வி நாற்காலியில் இல்லை. கம்ப்யூட்டரில் அவள் பெயருக்குக் கீழே இரண்டாம் எடைக்கான கட்டம் திறந்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, மேடையின் ஓரத்தில், இரும்புக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். காற்று அவள் சேலையைக் கிழக்கே இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன காட்டுதுப்பா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். ஐந்துக்குக் குறைந்தது எதுவும் அந்த மேடையின் கணக்கில் இல்லாததுதான்.

"நல்லா மிதிச்சு நில்லு தாயி."

"மிதிச்சுத்தான் நிக்கேன்."

சைபர்.

பெட்டிக்குள் சுரண்டுகிற சத்தம் நின்றது. எத்தனையோ நாளுக்குப் பிறகு முதன்முறையாகக் கம்ப்யூட்டர் உடனே வேலை செய்தது. பிரிண்டர் ஒரு மூச்சில் சீட்டைக் கக்கியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர் எண்களை மட்டும் படித்தார். முதல் எடை ஐம்பத்தைந்து. இரண்டாம் எடை சைபர். சரக்கு ஐம்பத்தைந்து.

திரையில் கட்டம் மறைந்துவிட்டது. பாக்கி இல்லை.

அப்போது சிவப்பு எண் மாறியது. எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. கழித்தல் ஐம்பத்தைந்து. மழைக்காலத்தில் மேடையில் சகதி கிடக்கும்போது சைபர் அடித்துவிட்டு, பிறகு கழுவிவிட்டால் அப்படி வரும். மேலே இருந்தது இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

முத்துசெல்வி இறங்கவில்லை. குழாயைப் பிடித்தபடி அங்கேயேதான் நின்றாள்.

மேடைக்கும் அறைக்கும் நடுவில் நாலு முழப் புழுதி. அதில் ஒரு பாதம் பதிந்தது. ஆழமாக, குதிகால் அழுந்தி. அடுத்தது. அடுத்தது. வாசற்படி. காற்றில்லாமலே கதவு அசைந்தது. கரித்தூளும் வெயில் குடித்த இரும்பும் கலந்த வாடை. அவருக்குப் பின்னால் வந்தது. நின்றது.

நாற்காலி முனகியது.

பிச்சையா திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"இன்னிக்கு நல்லா வேகமா ஓடுதேப்பா," என்றது முத்துசெல்வியின் குரல், அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து. கொழுத்த, நிறைந்த குரல். விரல்கள் எழுத்துகளைத் தட்டுகிற சத்தம்.

"அப்பா," என்றது முத்துசெல்வியின் குரல், வெளியே மேடையிலிருந்து. "கையக் குடுங்க."

அவள் கால்கள் தகட்டில் இல்லை. ஒரு சாண் மேலே இருந்தன. காற்று அவளைக் கொடியில் போட்ட துணியைப் போலக் கிழக்கே நீட்டியிருந்தது. குழாயைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

பிச்சையா வெளியே வந்தார். மேடைக்கும் சாலைக்கும் நடுவே நின்றார். வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது; அதை வெளியே எடுத்து அவளைத் தொட்டால் எவ்வளவு என்று அந்தக் கை சொல்லிவிடும். அது ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. பைக்குள் சீட்டு இருந்தது. அதைக் கசக்கிப் பிடித்துக்கொண்டார். இசக்கிராஜாவின் முகத்தில் இதை வீசிக் கேட்க வேண்டும். வெயிலில் கண் கூசுகிறது. வயசாகிவிட்டது. மெஷின்காரன் செய்கிற வேலை.

"பெட்டி கெட்டுப்போச்சு தாயி," என்றார், அவளைப் பார்க்காமல். "இனி ஒட்டுப்போட்டு ஆகாது. புதுசே வாங்கிருவோம். நான் போயிட்டு வந்துருதேன். பிடிச்சுக்கோ."

"போயிட்டு வாங்கப்பா," என்றது அறைக்குள்ளிருந்த குரல்.

பஸ் நிற்கிற இடம் கிழக்கே இருந்தது. அவர் நடந்தார். காற்று முதுகைத் தள்ளியது. பின்னால் கண்ணாடி வளையல் இரும்பில் உரசுகிற சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. பிறகு ஒருமுறை. பிறகு கேட்கவில்லை.

அவர் நடையை எட்டிப் போட்டார். நேர்மையாகத் தொழில் செய்கிறவன் ஒருத்தன் இல்லை இந்த ஊரில். இன்றைக்கே புதுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, எண் சரியாக வருகிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

ஒரு நிழல் அவரைப் பின்னாலிருந்து தாண்டியது. அவர் தலைக்கு மேலாகப் போய், முன்னால் கிடந்த கரிசலில் விழுந்து, வெடிப்புகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டு காற்றாலைகளின் பக்கமாக நகர்ந்தது. இரண்டு பக்கமும் கை விரித்திருந்தது. ஒரு கை மட்டும் திரும்பி, அவர் இருந்த பக்கமாக நீண்டிருந்தது.

பருந்து, என்றார் பிச்சையா. தலையைத் தூக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தார்.